வீட்டிலேயே சலவைச் சோப்பு

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் சோப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'கல்வியும் கைத்தொழிலும்' என்பதாகும். பொதுப்படப் பேசிக் கைதட்டல் பெறுவதைக் காட்டிலும், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் அடிவரை பேசுவதே பயன் தரும் என்று கருதிச் சலவைச் சோப்பைத் தேர்ந்துகொண்டோம்.

அதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெளுத்த துணி என்பது நம் மக்களுக்கு எளிதில் கிடைத்த பொருளன்று. ஊர் வண்ணார் சேரித் துணியைத் தொடக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. ஊர்ப் பொதுக் குளத்துப் படித்துறையும் நமக்கில்லை. அழுக்குத் துணி உடுத்தவர்கள் என்று இகழ்ந்தவர்களே அதை வெளுப்பதற்கு வழியில்லாமலும் செய்தார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டையோ பனியனோ அணியக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது என்பன அவற்றுள் சில. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1927 டிசம்பரில், மகாத் நகரில் பெண்களிடையே பேசிய அண்ணல் அம்பேத்கர், கிழிந்த ஆடையாயினும் தூய்மையாக உடுத்துமாறு வலியுறுத்தினார். ஆடை என்பது அன்று அவ்வளவு பெரிய போராட்டப் பொருளாக இருந்தது.

அப்படியானால் சேரித் துணியை வெளுத்தவர் யார்? புதிரை வண்ணார். பிள்ளைப்பேற்றுத் துணி, மாதவிலக்குத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவர்கள் தலையில் ஏற்றப்பட்டன. கூலியாகக் கிடைத்தது வீடுதோறும் வாங்கிய சோறும் சிறிது தானியமும்தான். திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் பகலில் பிறர் கண்ணில் படலாகாது என்றும், இரவில்தான் வெளியே வந்து துவைக்க வேண்டும் என்றும் இருந்த கொடுமை 1932-இல் செய்தித்தாளில் வெளிவந்தது. இந்த வரலாற்றை ஊரார் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு நம் இளைஞர்கள் நகர்ந்துவிடக் கூடாது. நமக்குக் கீழே ஒருவரை வைக்க நாமும் இசைந்திருந்தோம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனிப் பொருளுக்கு வருவோம்.

சோப்பு வருவதற்கு முன்பு வண்ணார் உவர்மண்ணிலும் சாம்பலிலும் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைத்தனர். உவர்மண்ணில் சோடாக் காரமும், சாம்பலில் பொட்டாசியக் காரமும் உள்ளன. துணியில் ஏறிய எண்ணெய்ப் பசையோடு அக்காரம் ஆவியில் வேகும்போது, ஓரளவு சோப்பே அங்கு உண்டாகிறது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் கையில் இந்த வேதியியல் இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் சோப்பாதல் என்று மனப்பாடம் செய்வதும் இதைத்தான். எண்ணெயும் எரிசோடாவும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கின்றன. எரிசோடா என்று பாடநூல் கூறுவதைக் கடையில் காஸ்டிக் சோடா என்று கேட்க வேண்டும்.

அளவு வருமாறு: தேங்காயெண்ணெய் 1 கிலோ, காஸ்டிக் சோடா 180 கிராம், நல்ல தண்ணீர் 360 கிராம். இவற்றைத் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். டம்ளர் கணக்கும் கைக்கணக்கும் இங்கே செல்லா. சோடா மிகுந்தால் கை வெந்துபோகும். குறைந்தால் கட்டி பிசுபிசுக்கும்.

முதலில் தண்ணீரைத் தடித்த பிளாஸ்டிக் வாளியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ எடுத்துக்கொண்டு, அதில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. சோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். கலக்கும்போது நீர் தானே சுடும். மூக்கைத் துளைக்கும் ஆவியும் எழும். ஆகவே திறந்த தாழ்வாரத்தில், காற்று நம்மைவிட்டு விலகி வீசும் பக்கமாக நின்று செய்க. கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்க. மேலே தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவியபின், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மிஞ்சிய சோடாவைக் குடிநீர்ப் பாட்டிலில் வைக்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். அது பார்வைக்குக் கற்கண்டுபோலவும் உப்புப்போலவும் இருக்கும். குழந்தைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கரைசல் ஆறியபின் அதை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிளறினால்தான் சோப்பு சேரும் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரமில்லை, எந்தப் பக்கம் கிளறினாலும் சேரும், நிறுத்தாமல் கிளறுவதே முக்கியம். கலவை தோசை மாவுப் பதத்திற்கு வந்து, கரண்டியிலிருந்து விழும் துளி மேற்பரப்பில் கோடாக நிற்கும்போது, பிளாஸ்டிக் தாள் விரித்த மரப்பெட்டியில் ஊற்றிவிடலாம். தேங்காயெண்ணெய்ச் சோப்பு விரைவில் இறுகும். கெட்டியானவுடன், வெதுவெதுப்பு இருக்கும்போதே வெட்டாவிட்டால் பின்னர் நொறுங்கும். வெட்டிய கட்டிகளை நிழலில் இடைவெளிவிட்டு அடுக்கி, நான்கு வாரம் காயவைக்க வேண்டும். நான்கு நாளில் எடுத்துத் துவைக்கத் தொடங்கும் அவசரம் கைக்குத்தான் கேடு. கட்டியில் வெண்துகள் திட்டுகளோ நீர்க்கசிவோ தென்பட்டால் சோடா தனித்து நிற்கிறது என்று பொருள். அவற்றைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுக.

கடைக்காரர்கள் எடை கூட்டுவதற்கு மாக்கல் தூளும், கெட்டிக்குச் சிலிகேட்டும் சேர்ப்பார்கள். சிறிது சிலிகேட் சலவைக்கும் உதவும். மைதா மாவு எதற்கும் உதவாது.

செலவைப் பற்றி நேர்மையாகப் பேசுவோம். மேற்சொன்ன அளவில், காய்ந்தபின் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம் சோப்பு கிடைக்கும். தேங்காயெண்ணெய் விலை ஏறிய காலத்தில் கடைச் சோப்பே மலிவாக இருக்கும். கடையில் நாம் சோப்பு என்று வாங்கும் கட்டிகளுள் பல, பெட்ரோலியப் பொருளிலிருந்து ஆக்கப்படும் டிடர்ஜென்ட். அவற்றோடு விலையில் போட்டியிட நம்மால் ஆகாது. நமக்கு இலாபம் தரும் வழி வேறு. பலகாரக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெய் மலிவாகக் கிடைக்கும். மீண்டும் சமைத்தால் உடலுக்குத் தீங்கு. சோப்புக்கோ அதுவே தகுந்த பொருள். துணியில் வடிகட்டி, பாதிக்குப் பாதி தேங்காயெண்ணெய் கலந்தால் கட்டி நன்றாக நிற்கும். ஆனால் சோடாவின் அளவு எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். இன்ன எண்ணெய் என்று தெரியாத பொரித்த எண்ணெய்க்குக் கிலோவுக்கு 125 கிராமுக்கு மேல் போடக்கூடாது. தாய்மார்கள் பத்துப் பேர் சேர்ந்து இதைச் செய்தால், வீட்டுத் தேவை போக விற்கவும் முடியும். உறையிட்டு விற்பதாயின் எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி ஆகியவற்றை அச்சிட வேண்டும். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். அதற்குத் தனி உரிமம் தேவை. ஆகையால் சலவைச் சோப்போடு நிற்போம்.

ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் சோப்பு நுரைக்காமல் வெண்படலமாகத் திரிந்தால் சோப்பைக் குறை சொல்ல வேண்டாம். அந்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் செய்யும் வேலை அது. வாளி நீரில் ஒரு கரண்டி சலவைச் சோடாவை முன்னதாகக் கரைத்துவிட்டால் சோப்பு வீணாகாது. பட்டுக்கும் கம்பளிக்கும் இச்சோப்பு ஆகாது; பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர் போதும்.

வரும் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தின் பின்தாழ்வாரத்தில் இதைச் செய்து காட்ட ஏற்பாடு செய்துள்ளோம். தராசும் சோடாவும் சங்கம் தரும். வருகின்றவர்கள் முழுக்கைச் சட்டை அணிந்து வருக. எண்ணெயை எவர்சில்வர்த் தூக்கில் கொண்டுவருக. சிறு குழந்தைகளை வீட்டில் பெரியவர்களிடம் விட்டு வருக.