தொட்ட கரம்

ஊர் ஒதுக்கிவைத்த குஷ்டரோகியைத் தம் கரத்தாலேயே தொட்டுக் குணமாக்கிய இயேசுநாதரைப் பின்பற்றுகிறேன் என்று சொல்லும் ஒருவனுக்கு, மனிதரில் தரம் பிரித்து அன்பு செலுத்தும் உரிமை கிடையாது.

1914-ஆம் ஆண்டு, கொல்லிமலையில் கிறிஸ்தவ ஊழியம் செய்துவந்த பெற்றோருக்கு மகனாகப் பிறந்து, இங்கிலாந்தில் சஸ்திர வைத்தியம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், பிறர் அருகில் வரவும் அஞ்சிய ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைத் தம் கையில் ஏந்தியபோது, அந்தக் கை அதிசயிக்கத்தக்க பலத்தோடு அவர் கையை இறுகப் பற்றியது. பயனற்றதெனக் கைவிடப்பட்ட கரத்திலும் நல்ல தசைகள் எஞ்சியிருப்பதை உணர்ந்த அவர், தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையைத் தொழுநோயாளருக்கென வளர்த்தார். உணர்ச்சி மரத்துப்போவதால், வலி அறியாமல் காயம்பட்டே விரல்கள் சிதைகின்றன என்னும் உண்மையையும் உலகுக்கு எடுத்துரைத்தார்.

அருவருப்பு அவரைத் தடுத்திருந்தால் அந்த ஞானம் அவருக்குக் கிட்டியிராது. ஆகையால் அன்பர்களே, இன்று உங்கள் வாசலுக்கு வருபவர் எவராயினும், மனத்துக்கு உகந்த விருந்தினருக்குக் காட்டும் அதே முகமலர்ச்சியை அவருக்கும் காட்டுங்கள்.