வீம்பா, வைராக்கியமா?

ஒருவருடைய குணத்தைச் சொல்லும் சொற்களைப் பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். 31 ஆண்டு தமிழ் வகுப்பில் நின்றவன் நான். ஆனாலும் இந்தப் பாடத்தை எனக்கு நடத்தியவர் பள்ளிக்கூடமே போகாத ஓர் அம்மா. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அறுப்பு நேரத்தில் ஒரு வாரம் வரவில்லை. வந்ததும், பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள் என்றேன். மாட்டேன் என்றான். திட்டினேன், வெளியே நிறுத்தினேன். வகுப்புக்கு வெளியே, சன்னல் ஓரத்திலேயே நின்று பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து அவன் அம்மாவை வரவழைத்தேன். களத்திலிருந்து நேராக வந்திருந்தார், முந்தானையில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. "உங்க பையன் வீம்பு பிடிச்சவன்மா" என்றேன். அந்த அம்மா தயங்கி, "வீம்பு இல்லீங்க ஐயா, வைராக்கியமுங்க. தானா படிச்சு தானா எழுதோணும்கிறான். ராத்திரி வெளக்கு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றார். பையனின் பையிலிருந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். விட்டுப்போன மூன்று பாடமும் அவன் சொந்த நடையில் இருந்தது. அவனை நான் நிறுத்திவைத்ததற்குக் காரணம் என்னிடமிருந்த தவறான ஒரு சொல். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்த வரிசைச் சொற்களை எழுதிப் பார்த்தேன். அடம், முரண்டு, வீம்பு, பிடிவாதம், விடாப்பிடி, வைராக்கியம். எல்லாம் ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் இவற்றை மாற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அடம் பிடிப்பது குழந்தை. மிட்டாய் கைக்கு வந்ததும் அடங்கிவிடும். முரண்டு பண்ணுவது பெரும்பாலும் வண்டி மாடு. ஏன் நிற்கிறது என்று அதுவும் சொல்லாது, நமக்கும் தெரியாது. வீம்புக்கு எதிராளி ஒருவர் கட்டாயம் வேண்டும். தனக்கே நட்டம் என்று தெரிந்தும் அவர் முன்னால் இறங்கி வரக்கூடாது என்று நிற்பது வீம்பு. எதிராளியை எடுத்துவிட்டால் வீம்பும் போய்விடும். வைராக்கியத்துக்கு யாரும் எதிரே நிற்க வேண்டாம். தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டு அது. துறவிகளின் பற்றறுத்த நிலையைச் சொல்லும் வடசொல் அது. நம் அடுப்படிக்கு வந்து, 'புருஷன் போன பிறகு வைராக்கியமா நின்னு மூணு பிள்ளைகளையும் ஆளாக்கினாள்' என்று ஆகிவிட்டது. காட்டுக்குப் போனவரின் சொல்லைக் குடும்பத்தைத் தாங்கிய பெண்ணுக்குக் கொடுத்த மொழி இது. எனக்கு இதைவிடப் பெரிய பெருமை தமிழில் தெரியவில்லை.

இப்படிச் சொற்களைக் கூட்டிவைக்கும் வேலையை நம்மவர்கள் பழைய காலத்திலேயே செய்திருக்கிறார்கள். திவாகரம் என்ற நிகண்டு, அதாவது பழைய சொற்தொகுப்பு நூல், 12 தொகுதி. மக்களுக்கு ஒரு தொகுதி, பண்புக்குத் தனியாக ஒரு தொகுதி. பிறகு பிங்கலம் வந்தது. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடிவைத்தார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்தார். தேடுவது எளிதாயிற்று. ஆனால் நிகண்டானாலும் அகராதியானாலும் சொற்களை ஒரே வரிசையில் நிறுத்தும். எந்தச் சொல்லை யார் தலையில் வைக்கலாம் என்பதை ஆசிரியர்தான் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். இன்றைய வினாத்தாளில் இந்தச் சொற்பாடம் ஒரு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிப் போனதில் நாம் இழந்தது அந்தப் பக்கத்துப் பேச்சைத்தான்.

திருக்குறள் அதிகாரப் பெயர்களை மட்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், பிள்ளைகளே. அறியாமைக்கு ஒரே அதிகாரம் போதும் என்று வள்ளுவர் விடவில்லை. 84 பேதைமை, 85 புல்லறிவாண்மை. நன்மை எது, தீமை எது என்று பிரிக்கத் தெரியாதவன் ஒருவன். சிறிதளவே தெரிந்துகொண்டு எல்லாம் தெரியும் என்று திரிபவன் இன்னொருவன். முதலாமவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டாமவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? அழுக்காறாமையும் வெஃகாமையும் அடுத்தடுத்து வருவதும் அப்படித்தான். பிறர் வாழ்வதைக் கண்டு வேகும் மனம் வேறு, பிறர் பொருளுக்கு நீளும் கை வேறு.

31ஆம் அதிகாரத்தின் பெயர் வெகுளாமை. அங்கே வெகுளி என்றால் சினம். இன்று தெருவில் 'அவர் ஒரு வெகுளி' என்றால் என்ன பொருள்? சூதுவாது தெரியாதவர், வெள்ளந்தி. கோபத்தைச் சொன்ன சொல் கபடமில்லாதவரின் பெயராகிவிட்டது. பட்டியலை மட்டும் உருப்போட்ட பிள்ளை இங்கே தடுக்கி விழும். யார், எப்போது, யாரைச் சொன்னார்கள் என்று கேட்டுப் படித்த பிள்ளை விழாது.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. புத்திசாலி, திறமைசாலி, பொறுமைசாலி, பலசாலி என்கிறோம். கோபசாலி என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? 'சாலி' பெரும்பாலும் நல்லதோடுதான் ஒட்டும். கோபம் 'காரன்' என்ற வாலைத் தேடிப் போகும். கெட்டிக்காரன் போல நல்லதோடு சேருவதும் உண்டு. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள், வால் எதுவானாலும் ஒட்டியதும் குணம் ஆளின் பெயராகிவிடும். 'அவன் பொய் சொன்னான்' என்றால் அது ஒரு நாள் நடந்த செயல். 'அவன் பொய்யன்' என்றால் அவன் ஆயுள் முழுவதையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். குழந்தையைப் பார்த்து அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பெற்றோர்களே, நன்றாகப் பேசும் பையனைப் பேச்சாளன் என்று மேடை ஏற்றுகிறோம். அதே பேச்சு பெண்ணிடம் வந்தால் வாயாடி, துடுக்கு என்கிறோம். கேள்வி கேட்கும் பெண்ணுக்குத் தைரியசாலி, தெளிவானவள், நெஞ்சுரம் உள்ளவள் என்று எத்தனையோ சொல் காத்திருக்கிறது. தேடி எடுத்துக் கொடுக்காத குறை நம்முடையது.

பள்ளி மாற்றுச் சான்றிதழில் மாணவரின் ஒழுக்கமும் பண்பும் எழுத ஒரு வரி இருக்கும். நான் வேலை பார்த்த காலமெல்லாம் அதில் 'நன்று' என்றே எழுதப்பட்டது. அடிபட்ட நாயைச் சட்டைக்குள் போர்த்திக்கொண்டு வந்தவனுக்கும் நன்று. தோற்ற தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு பரிசு வாங்க வந்தவளுக்கும் நன்று. இரக்கமுள்ளவன், பெருந்தன்மையானவள் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. நம் வாயில் இடம் உண்டல்லவா?

பிள்ளைகளே, நூலக வாசலில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் 200 பக்க நோட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். நூலகர் அம்மா அனுமதி தந்துவிட்டார். பக்கத்துக்கு ஒரு குணம். அப்பிராணி, சூட்டிகை, அமுக்குணி, கறார், படபடப்பு என்று உங்கள் ஆத்தாவும் தாத்தாவும் சொல்லும் சொல்லைக் கொண்டுவந்து எழுதுங்கள். யாரைப் பற்றிச் சொன்னார்கள், அன்று என்ன நடந்தது என்று கீழே இரண்டு வரியும் சேருங்கள். ஆள் பெயர் வேண்டாம். முதல் பக்கத்தை நான் எழுதிவிட்டேன். மேலே வைராக்கியம் என்றும், கீழே சன்னல் ஓரத்தில் நின்று பாடம் கேட்ட பையனைப் பற்றியும்.