அடைக்கலப் பொருள்: முதியோர் பராமரிப்பு இல்லங்களின் தரம் அறிதல்

(திருக்காட்டுப்பள்ளியில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் காப்பியம் பற்றியோ அறநூல் பற்றியோ பேசுவதே வழக்கம். என்னையும் அதற்காகவே அழைத்தார்கள். நான்தான் செயலாளரிடம் வேறொரு பொருளைக் கேட்டுப் பெற்றேன். நோயுற்ற முதியோரைக் கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் இல்லங்கள் பெருகி வருகின்றன. அவற்றின் தரத்தை நாம் எவ்வாறு அறிவது? மங்கல நாளில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். இப்பந்தலில் நரைத்த தலைகள் எத்தனை, கருத்த தலைகள் எத்தனை என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள், காரணம் விளங்கும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் அறுபது வயது கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளைகள் மட்டும் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். பெற்றோரை இல்லத்தில் விடுவது முறையா என்ற பட்டிமன்றத்தை நான் இங்கு நடத்த வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்த எண்பது வயது மூதாட்டியை எண்பத்தைந்து வயதுக் கணவர் தூக்கி அமர்த்த இயலாது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு முதல் வீட்டுக்கே மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் கொண்டுவருகிறது. அது பெரும் உதவி. ஆயினும் இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க ஒருவர் வேண்டுமே.

தமிழில் இதற்கு ஓர் அருமையான சொல் உண்டு: அடைக்கலம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடந்தார்கள். நம் எதிர்க்கரையைக் கடந்துதான் அரங்கம் நோக்கிச் சென்றிருத்தல் வேண்டும். மதுரையை அடைந்ததும் கவுந்தியடிகள் கண்ணகியை யாரிடம் ஒப்படைத்தார்? பெருஞ்செல்வர் மனையில் அல்லர். இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பிய மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம். அவளது இயல்பை நோக்கித் தெளிந்த பின்னரே ஒப்படைத்தார். பின்னாளில் அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனதற்காக மாதரி தீயில் புகுந்தாள் என்று காப்பியம் கூறுகிறது. இன்றைய இல்ல நிருவாகி எவரும் தீப்பாய வேண்டியதில்லை. இயல்பை நோக்கித் தெளிந்து ஒப்படைத்தார் என்ற செய்தியை மட்டும் மனத்தில் வையுங்கள். வரவேற்பறையின் பளிங்குத் தரையையும் குளிரூட்டியையும் கண்டு தெளிவது நம் காலத்துப் பழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவில் வாழ்ந்த அவெடிஸ் டோனபீடியன் என்ற அறிஞர் 1966-இல் மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அளக்க மூன்று வாயில்களைக் காட்டினார். அமைப்பு, செயல்முறை, விளைவு என அவற்றைத் தமிழில் கூறலாம். கட்டடம், கட்டில், ஆள் எண்ணிக்கை, பதிவுச் சான்றிதழ் ஆகியவை அமைப்பு. அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்பது செயல்முறை. அங்குள்ளவரின் உடலும் உள்ளமும் எந்நிலையில் உள்ளன என்பது விளைவு. நாம் இல்லம் பார்க்கச் செல்லும்போது முதலாவதை மட்டும் கண்டு திரும்பிவிடுகிறோம். ஏனெனில் அதைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.

அமைப்பில் நான் கேட்கச் சொல்வது இரண்டே. பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி அதன் முடிவுத் தேதியைப் பாருங்கள். அடுத்து, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பகலில் பத்துப் பேர் பணியாற்றும் இல்லத்தில் இரவில் நாற்பது முதியோருக்கு ஒரே ஒருவர் இருக்கக்கூடும். அவரும் பகல் வேலை பார்த்துக் களைத்தவராக இருக்கக்கூடும்.

விளைவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதியவரின் தோல் பொய் சொல்லாது. புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும் என்பது செவிலியர் கற்கும் பாடம். அது தவறினால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகிய இடங்களில் தோல் முதலில் சிவக்கும். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்குக் கருக்கும். விரலால் அழுத்தியும் நிறம் மாறாதிருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது எனலாம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இதைப் பெரும்பாலும் நோயின் குற்றமாகக் கருதாமல் பேணுவோரின் குற்றமாகவே கருதினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கருத்து பழையதாகவில்லை.

என் பெரிய நாத்தனார் ஒரு நகரத்து இல்லத்தில் ஏழு மாதம் இருந்தார். ஞாயிறுதோறும் செல்வோம். தலை வாரிப் பூ வைத்து, இஸ்திரி போட்ட சேலையுடன் நாற்காலியில் அமர்த்தியிருப்பார்கள். பார்ப்பவர் மனம் குளிரும். ஒருநாள் புதன்கிழமை, வேறு வேலையாக அவ்வழியே போனபோது உள்ளே சென்றேன். அன்று பூவும் இல்லை, காலுறையும் இல்லை. இடது குதிகாலில் எட்டணா அளவுக்குக் கருத்த புண். ஞாயிறுதோறும் காலுறை ஏன் என்பது அன்றுதான் புரிந்தது. கேட்டதற்குச் சர்க்கரை நோய் என்று விடை தந்தார்கள். தஞ்சையில் வேறு மருத்துவரிடம் காட்டி, காற்றுப் படுக்கையும் புரட்டும் நேர அட்டவணையும் வைத்து ஆற்றுவதற்கு மூன்று திங்கள் ஆயின. அந்த இல்லத்தின் பெயர் இங்கு வேண்டாம். காலுறையைக் கழற்றிப் பாருங்கள் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

எடைக் குறிப்பேட்டையும் கேளுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதும் இல்லம் நம்பத் தகுந்தது. எடை குறைந்துகொண்டே வந்தால் உணவு தட்டில் வைக்கப்படுகிறது, வாய்க்குச் செல்லவில்லை என்று பொருள். தண்ணீர்க் குவளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, படுத்த நிலையில் கஞ்சி ஊட்டுகிறார்களா, நிமிர்த்தி அமர்த்தி ஊட்டுகிறார்களா என்பவற்றை உணவு வேளையில் சென்றால்தான் காணலாம். படுத்தவாறே ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும்.

அளவுக்கு மீறிய அமைதியும் ஐயத்திற்குரியது. பகல் பதினொரு மணிக்கு அறை முழுவதும் உறங்கிக்கொண்டிருந்தால், மாத்திரைப் பட்டியலை வாங்கித் தூக்க மருந்து எது, யார் எழுதித் தந்தார், எதற்காக என்று கேட்க வேண்டும். கட்டிலோடு கட்டுவதும் அவ்வாறே. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். விழுந்துவிடுவார் என்பதற்காகத்தான் கட்டுகிறோம் என்பார்கள். தாழ்வான கட்டில் போடலாம். குளியலறைக்குக் குறித்த நேரத்தில் அழைத்துச் செல்லலாம். கட்டுவது ஆள் பற்றாக்குறைக்கு மறுபெயர் என்பது என் துணிபு.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு செய்தி உண்டு. நம் முதியோர் பலர் கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பவர்கள். இல்லங்களிலோ இரவு மாத்திரை எட்டு மணிக்கு. மாலை ஐந்தரைக்கு உண்டவருக்கு, இரவு உணவோடு தர வேண்டிய சர்க்கரை மருந்தை எட்டு மணிக்குக் கொடுத்தால், நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஆகவே உண்ணும் நேரத்தை முதல் நாளே சொல்லி, மருத்துவர் கையால் மருந்து வேளையை மாற்றி எழுதி வாங்குங்கள். கிழங்கு விலக்கு பற்றிச் சமையற்கட்டில் சொல்ல மறவாதவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். ஒரு மூதாட்டி உணவை விலக்கினால், சல்லேகனைதானே, புண்ணியம் என்று உறவினர் சிலர் கைகட்டி நின்றுவிடுகிறார்கள். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அந்நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தடை செய்தது. அதே மாதம் 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்த வழக்கின்போது நாமெல்லாம் என்ன சொன்னோம்? தெளிந்த அறிவோடு, ஆசானின் இசைவு பெற்று, தானே ஏற்கும் நோன்பு என்று சொன்னோம். பல்செட் பொருந்தாமல், வாய்ப்புண்ணால், விழுங்க இயலாமல், மனச்சோர்வால் உண்ணாதவர் நோன்பு ஏற்றவர் அல்லர். முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு மருத்துவரை அழைக்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் முதியவர் மனுச் செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கிடைக்க வழியுண்டு. பேணுவார் என்ற நிபந்தனையை எழுதி வீட்டை மாற்றித் தந்தபின் பேணாவிட்டால், அந்த ஆவணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். முதியோரைக் கைவிடுதல் தண்டனைக்குரிய குற்றம். இல்லத்தில் கொடுமை கண்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

அமெரிக்காவில் இத்தகைய இல்லங்களுக்கு 2008 முதல் ஐந்து நட்சத்திர மதிப்பீடு உண்டு. விடுதிக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் பல விவரங்களை இல்லங்களே எழுதித் தந்தன. தமக்குத் தாமே மதிப்பெண் இடும் மாணவனை முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் பார்த்தவள் நான். நட்சத்திரம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள் இதுதான். நம்மவர் தங்கியுள்ள இல்லங்கள் எவை என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஆடவர் இருவர், பெண்டிர் இருவர், மாதம் ஒருமுறை, நாள் குறிப்பிடாமல், உணவு வேளையில் செல்லட்டும். குடும்பத்தாரின் இசைவுக் கடிதம் கையில் இருக்கட்டும். எடை, தோல், மருந்து, இரவுப் பணியாளர் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பிள்ளைகள் தொலைவில் உள்ளவர்களுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பலாம். குறை கண்டால் அன்றே நிருவாகியிடம் சொல்லி, அடுத்த முறை சென்று அது திருந்தியதா என்று பார்க்க வேண்டும்; திருந்தாவிடில் வேறிடம் மாற்றக் குடும்பத்தாருக்கு உதவ வேண்டும். பேசிக்கொண்டிருக்கவும் ஓர் ஆள் வேண்டும். முதியவரோடு தனியே அரைமணி நேரம் அமர்ந்தால் குறிப்பேட்டில் வராத செய்திகள் வரும்.

குறிப்பேடு ஒன்றை நானே வாங்கிக் கணக்கர் மேசையில் வைத்திருக்கிறேன். முதற்பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. இன்னும் மூவர் வேண்டும். மாலை ஐந்தரைக்கு உணவு பரிமாறப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன் பெயர் தந்தால் வைகாசியிலேயே முதல் இல்லத்திற்குப் புறப்பட்டுவிடலாம்.