நஞ்சு நீங்கிய ஆற்றில் டிரவுட்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், வசந்த காலத்தில் ஆர்க்கன்சாஸ் ஆற்று நீர் 12 டிகிரி செல்சியஸை நெருங்கியதும், கேடிஸ் என்னும் சிறு பூச்சிகள் தண்ணீரிலிருந்து கூட்டங்கூட்டமாகக் கிளம்பும். தாழ்வான பகுதியில்தான் முதலில் சூடு ஏறும். அதனால் கேனன் சிட்டிப் பக்கம் தொடங்கும் இந்தப் படையெடுப்பு, நாளுக்கு நாள் மேலேறி சாலிடா வரை போகும். பழுப்பு டிரவுட் மீன்களுக்கு விருந்துதான்!

இந்த மீன்களைப் பிடிக்க வருபவர்களில் பலர் தூண்டிலில் புழு கோப்பதில்லை. முள்ளில் நூலைச் சுற்றி, அதன்மேல் எல்க் மானின் முடியைச் சிறகுபோலச் சாய்த்துக் கட்டுகிறார்கள். அல் டிராத் 1957-ல் உருவாக்கிய பொய்ப்பூச்சி இது. முடிக்குள் காற்று இருப்பதால் துள்ளியோடும் நீரிலும் மிதக்கும். இந்தப் பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். தடித்த தூண்டில் கயிற்றின் எடைதான் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. கயிறு இழுத்துப் பூச்சி நீரில் கோடு கிழித்துவிட்டால், மீன் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்காது.

இந்த ஆறு பிழைத்து வந்ததே பெரிய விஷயம். லெட்வில் சுரங்கங்களிலிருந்து துத்தநாகமும் காட்மியமும் கலந்து, டிரவுட் மூன்று நான்கு வயதைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. 1983-ல் மத்திய அரசு தூய்மைப் பணிக்கு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. சுரங்க நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. 2014-ல் லெட்வில் முதல் பார்க்டேல் வரை 102 மைல் ஆற்றை, சிறந்த டிரவுட் நீர்நிலைகளுக்குரிய 'தங்கப் பதக்க' வரிசையில் மாநிலம் சேர்த்தது.

மே கடைசியில் பனி உருகி, கலங்கல் வெள்ளம் வந்துவிடும். அதற்குள் கிடைக்கும் சில வாரங்களுக்காகத்தான் தூண்டில்காரர்கள் குளிர்காலம் முழுக்கப் பூச்சி கட்டுகிறார்கள்.