இரவல் குரலும் சொந்த மூச்சும்



எங்கள் ஊர் இசக்கியம்மன் கோவில் கொடை. நடுச்சாமம் தாண்டிவிட்டது. வில்லுப்பாட்டில் அண்ணாவி நீலி கதை பாடிக்கொண்டிருக்கிறார். கள்ளிக் கொம்பை நீலி பிள்ளையாக்குகிற கட்டம். வில்லில் அடித்துக்கொண்டிருந்த வீசுகோல் சட்டென்று நிற்கிறது. அதைத் தோளில் சாய்த்து, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் மெல்ல இரண்டு தட்டுத் தட்டுகிறார். குடமும் உடுக்கும் அடங்கிப்போகின்றன. "பாட்டு முடிஞ்சிட்டா ஆச்சி?" என்று கேட்டேன். "பாட்டையா மக்களே கேக்கே? அங்க நீலில்லா வந்து நிக்கா" என்றாள் ஆச்சி.

அந்த அண்ணாவிக்கு ஒரு விருது கொடுப்பதென்றால் பாட்டுக்கா, நடிப்புக்கா? கொடைப் பந்தலில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சினிமாவில் இந்தக் கேள்வி வந்துவிட்டது. இசைப் படங்களில் நடித்தவர்களுக்கு நாம் கொடுத்த விருதுகளையும் கொடுக்காமல் விட்ட விருதுகளையும் இன்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

1908இல் ஒழுகினசேரியில் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். வில்லுப்பாட்டு மண்ணிலிருந்து சினிமாவுக்குப் போனவர். 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் அவர் செய்யும் கிந்தனார் கதாகாலட்சேபத்தில் பேச்சு எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. முகமும் அவருடையது, தொண்டையும் அவருடையது. 1957இல் அவர் மறைந்தார். தேசிய விருதுகளில் நடிப்புக்கென்று தனி இடம் வந்ததோ 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான்.

அந்த முதல் வருஷத்தைப் பாருங்கள். சிறந்த நடிகர் வங்காளத்தின் உத்தம் குமார். விருது பெற்றுத் தந்த இரண்டு படங்களில் ஒன்று 'ஆண்டனி ஃபிரிங்கி', ஒரு பாட்டுக்காரனின் கதை. அதில் அவருக்காகப் பாடியவர் மன்னா டே. அதே வருஷம் சிறந்த இசையமைப்பாளர் 'கந்தன் கருணை'க்காக கே.வி.மகாதேவன், நம் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவில்காரர். இசைக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, நடிப்புக்கு ஒன்று என்று பாகப் பிரிவினை நடந்துவிட்டது. வயலைப் பங்கு வைத்தால் வரப்பு யாருக்கு என்று நாஞ்சில் நாட்டில் சண்டை வரும். அடுத்தவர் மூச்சைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்கிற வேலைதான் இங்கே வரப்பு. அதற்குப் பட்டா எழுத ஆளில்லை.

அடுத்த வருஷம், 1968இல், 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. இசை மகாதேவன். நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமனும் பொன்னுசாமியும். படத்தில் வாசிப்பவர் சிவாஜி. கத்திக்குத்துப் பட்டுத் தேறிவந்த சண்முகசுந்தரத்திடம் மோகனா ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கும் காட்சி நினைவிருக்கும். பாடும் குரல் சுசீலாவுடையது, பத்மினி கண்ணால் கேட்கிறார். சிவாஜி பதில் பேச முடியாது, வாயில் நாயனம் இருக்கிறது. சீவாளியை உதட்டில் வைத்துக் கன்னத்தை உப்பவைக்க யாராலும் முடியும். அடி ஓய்கிற இடத்தில் தோள் இறங்கி மூச்சு வாங்கவேண்டும், அடுத்த பிடிக்குப் புருவம் முதலில் ஏறவேண்டும். கையில் வலி இருப்பது விரலில் தெரியவேண்டும். அந்த வலி வாசிப்புக்குள் வந்துவிடவும் கூடாது. சிவாஜி இத்தனையையும் வேறு இருவருடைய மூச்சுக்குள் நின்று செய்கிறார்.

மாநில அரசு பத்மினியைச் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுத்தது. தேசிய அளவில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது வந்தது, ஒளிப்பதிவாளர் கே.எஸ்.பிரசாத்துக்கும் வந்தது. கேமராவுக்குப் பரிசு, கேமரா பார்த்த முகத்துக்கு இல்லை. அந்த வருஷத்தின் சிறந்த நடிகர் 'ஆசீர்வாத்' படத்துக்காக அசோக் குமார். அதில் அவர் தன் குரலிலேயே பாடியும் இருக்கிறார். நல்ல தேர்வுதான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் சிறந்த நடிகர் என்ற தேசிய விருது சிவாஜிக்குக் கடைசிவரை வரவே இல்லை.

'சங்கராபரணம்' படத்திலும் இதே கதைதான். மகாதேவனுக்கு விருது, எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு விருது, வாணி ஜெயராமுக்கு விருது. முப்பது சொச்சம் வயதுப் பாடகரின் குரலைத் தன் முதிய தொண்டைக்குள் வாங்கி, அது அறுபது வருஷ சாதகத்தில் விளைந்தது என்று நம்மை நம்பவைத்தவர் சோமயாஜுலு. தேசியப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"உதட்டசைப்புத்தானே, அதற்கென்ன விருது?" என்று கேட்பார்கள். 1964இல் வந்த 'மை ஃபேர் லேடி' விஷயத்தில் ஆஸ்கர்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்களோ என்னவோ! பேச்சும் பாட்டுமாகத் தானே பாடிய ரெக்ஸ் ஹாரிசனுக்கு விருது கொடுத்தார்கள். மார்னி நிக்சனின் குரலுக்கு நடித்த ஆட்ரி ஹெப்பர்னைப் பரிந்துரையில்கூடச் சேர்க்கவில்லை. இரவல் குரல் ஒரு குறை என்று வைத்துக்கொண்டால் நம் சினிமாவில் பாதிக்குமேல் தள்ளிவிட வேண்டியதுதான்.

நடுவர்கள் மனது வைத்தால் முடியும் என்பதற்கு 1985இல் வந்த 'சிந்து பைரவி' சாட்சி. சிந்து என்கிற ஒரே பெண்ணுக்கு இரண்டு தேசிய விருதுகள்: நடித்த சுஹாசினிக்கு ஒன்று, பாடிய சித்ராவுக்கு ஒன்று. எனக்கு இதிலும் ஒரு ஆசை பாக்கி உண்டு. இரண்டையும் ஒரே பத்திரத்தில், இரண்டு பெயர் போட்டுக் கொடுத்திருக்கலாம். 'தில்லானா'வுக்கு மூன்று பெயர் போட வேண்டியிருக்கும், போட்டால் என்ன?

வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான், இருந்தாலும் சொல்கிறேன். அடுத்த முறை டிவியில் மோகனா நலம் விசாரிக்கும் அந்தக் காட்சி வரும்போது சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் நாயனம் உங்களுக்குக் கேட்டால், 1968ஆம் வருஷத்துக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.