கூச்சம் வேண்டாம், இருவரும் வாருங்கள்



கலியாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்றால் ஊர் யாரைக் கேட்கிறது? பெண்ணைத்தான். "என்னம்மா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள். மாமியார் அரச மரம் சுற்றச் சொல்வார். சில வீடுகளில், "பையனுக்கு வேற பொண்ணு பார்க்கலாமா?" என்றுகூடப் பேச்சு எழும். அந்தப் பையனை ஒரு தடவை டாக்டரிடம் காட்டுவோமே என்று மட்டும் யாருக்கும் தோன்றாது.

கரு உண்டாகாததற்குக் காரணம் பெண்ணிடம் இருக்கலாம்; ஆணிடம் இருக்கலாம்; இருவரிடமும் இருக்கலாம். ஆண்களிடம் காணப்படும் காரணங்களில், டாக்டரின் கைக்கே தட்டுப்படக்கூடிய ஒன்றைப் பற்றி இன்று பேசப்போகிறேன். டாக்டர்கள் அதை 'வெரிகோசீல்' என்பார்கள். விதைப்பை நரம்புச் சுருட்டு என்று நாம் வைத்துக்கொள்வோம்.

சிலருக்குக் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி விதைக்கு மேலே ஏற்படுவதுதான் இது. நரம்பு என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது ரத்தக் குழாய். விதையிலிருந்து ரத்தத்தை வயிற்றுப் பக்கம் மேலே கொண்டுபோகும் குழாய். அதில் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு பழுதானால் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடுகிறது அல்லவா? அப்படியே இங்கும் ரத்தம் கீழே இறங்கித் தேங்குகிறது. குழாய் புடைத்துச் சுருள்கிறது.

இது பெரும்பாலும் இடப்பக்கமே வரும். இடப்பக்கக் குழாய் நீளம் அதிகம். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேருகிறது. அதனால் ரத்தம் ஏறுவது சிரமம்.

பருவ வயதில் தொடங்கும் இந்தச் சுருட்டு, நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு உண்டு. ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஆள் எடுக்கும்போது நடக்கும் உடல் பரிசோதனையில்தான் பல வாலிபர்களுக்கு இது இருப்பதே தெரியவருகிறது. இது இளமையில் செய்த தவறின் பலன் அல்ல. ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல, மனைவிக்குப் பரவாது. தாம்பத்திய உறவுக்கும் இதனால் பொதுவாகத் தடை இல்லை.

பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. சிலருக்கு நாளெல்லாம் நின்று வேலை செய்தாலோ மூட்டை தூக்கினாலோ சாயங்காலத்தில் பாரமாக இழுக்கிற மாதிரி வலிக்கும். படுத்தால் குறையும். நிற்கும்போது தொட்டுப் பார்த்தால் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் கைக்குத் தெரியும். அந்தப் பக்கத்து விதை சற்றுச் சிறுத்தும் இருக்கலாம். விதையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் ஓதமும், குடலிறக்கமும் வேறு. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். விதைகள் உடம்புக்கு வெளியே பையில் தொங்குவது காரணமாகத்தான். உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உற்பத்தியாகும். ரத்தம் தேங்கினால் அங்கே சூடு ஏறும். விந்தணுக்களின் எண்ணிக்கை குறையலாம்; ஓட்டமும் குறையலாம். ஆனாலும் பயம் வேண்டாம். இந்தச் சுருட்டு உள்ளவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்களே.

சரி, என்ன செய்ய வேண்டும்? கருத்தடை ஏதும் இல்லாமல் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்கவில்லை என்றால் கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே வாருங்கள். கணவனை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, டாக்டர் கையால் தடவிப் பார்ப்பார். சில நிமிஷ வேலை. தேவையானால் ஸ்கேன் எடுப்பார்கள். விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் சேர்க்கை கூடாது. ஒரே பரிசோதனையை வைத்து முடிவு கட்டாமல் இன்னொரு முறையும் செய்வார்கள். மனைவிக்கான பரிசோதனைகளும் கூடவே நடக்கும்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. லேசான வலிக்கு, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையும் கொஞ்சம் ஓய்வும் போதும். வலி விடாமல் இருந்தாலோ, வளரும் பையனுக்கு விதை சிறுத்துப்போனாலோ, சுருட்டு கைக்குத் தெரிந்து விந்தணுவும் குறைந்து பிள்ளை இல்லாமல் இருந்தாலோ ஆபரேஷன் பற்றி டாக்டர் சொல்வார். அடிவயிற்றின் கீழே சின்னதாகக் கீறி, புடைத்த குழாய்களை மட்டும் கட்டிவிடுவார்கள்.

இது கருத்தடை ஆபரேஷன் அல்ல. விந்துக் குழாயை வெட்டுவதில்லை. அநேகர் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பலாம். சில வாரம் பாரம் தூக்கக் கூடாது. சிலருக்குப் பிறகு நீர் கோக்கலாம். சுருட்டு திரும்பவும் வரலாம். புதிதாக விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே பலன் தெரிய 3 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும். நிச்சயம் பிள்ளை பிறக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் பலருக்கு விந்தணு நிலைமை தேறுகிறது.

சில அடையாளங்களை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர வேண்டும். விதையில் கல் மாதிரி கட்டி, வலப்பக்கம் மட்டும் சுருட்டு, படுத்தாலும் வடியாத புடைப்பு, இவற்றையும் உடனே காட்டுங்கள்.

லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் லேகியத்துக்கும் எண்ணெய்க்கும் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்த எண்ணெயால் பழுதான வால்வு சரியாகாது. பீடி, சிகரெட்டை விடுங்கள்; அவை விந்தணுவைக் கெடுக்கும்.

சகோதரர்களே, உங்கள் மனைவி ஊரார் பேச்சை ஒற்றையாளாகத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். "வா, ரெண்டு பேருமே போய்க் காட்டிட்டு வருவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் மனசுப் பாரத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும். தாய்மார்களே, கணவரிடம் குறை தெரிந்தால் அதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை; கூடவே நின்று தைரியம் சொல்லுங்கள். மாமியார்மார்களே, மருமகளை அனுப்பும்போது மகனையும் சேர்த்து அனுப்புங்கள்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டுங்கள். மேற்கொண்டு எங்கே போக வேண்டும் என்று அங்கேயே வழி சொல்வார்கள்.