ஆடிக்காற்றைக் கார்த்திகைக்குச் சேர்த்துவைப்போம்

இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே,

நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இல் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி 2025 ஜூலையில் அங்கேதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. அரியானாவின் ஜிந்த் – சோனிபட் தடத்துக்கான ரயில் அது. உருளைகளில் அடைத்த ஹைட்ரஜன், எரிபொருள் மின்கலத்துக்குள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர, மின்சாரம் பிறக்கிறது; புகைக்குப் பதில் நீராவி வெளியேறுகிறது.

அந்த ஹைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று கேட்கப் பழகுங்கள். மணலி சுத்திகரிப்பு ஆலையும் ஹைட்ரஜன் தயாரிக்கிறது. ஆனால் பெட்ரோலியத்திலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் எடுக்கும்போது கரியமில வாயுவும் கூடவே வருகிறது. காற்றாலை, சூரிய மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுத்தால் அந்தப் பழி இல்லை.

தமிழ்நாட்டுக்கு இப்படி எடுக்கும் ஹைட்ரஜன் அவசரத் தேவை. ஆடி மாதத்தில் முப்பந்தலில் காற்று அள்ளி வீசும். மின்தொகுப்பு தாங்காதபோது, சுழலும் காற்றாலையை நிறுத்தச் சொல்ல நேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் தணிந்து வெயிலும் மங்கிவிடும். அந்தக் குறையை நிரப்ப எண்ணூரில் நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிகிறது. இறால் பிடிப்பவர்களின் பிழைப்பு கெடுகிறது. ஆடிக்காற்றைக் கார்த்திகைக்குச் சேர்த்துவைக்க ஹைட்ரஜன் ஒரு வழி. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தயாரிக்கும் முன்னோடி ஆலை திறக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு மின்சாரம் தருவது அதன் வேலை. சிறிய தொடக்கம்; ஆனால் சரியான திசை.

கணக்கை மட்டும் மறைக்காதீர்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். அதைத் திரும்ப மின்சாரமாக்கினால் சுமார் 17 யூனிட்தான் கைக்கு வரும். மூன்றில் இரண்டு பங்கு நட்டம். ஆகவே பகல் வெயிலை இரவுக்குக் கொண்டுபோக பேட்டரியே போதும். மாதக்கணக்கில் சேமிக்கவும், உரத்துக்கும், எஃகுக்கும், நெடுந்தூரக் கப்பலுக்கும் ஹைட்ரஜன் வேண்டும். எங்கே வேண்டாம் என்பதையும் மேலதிகாரியின் முகம் பார்க்காமல் சொல்வதுதான் பொறியாளரின் நேர்மை.

அந்த நேர்மை முதல் கடமை; இரண்டாவது கடமை பாதுகாப்பு. ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும். தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் வெளியேறும். வால்வும் குழாயும் சேரும் இடத்தில் உணர்கருவியைக் காட்டி, பொறுமையாகச் சுற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஹைட்ரஜனைக் கப்பலில் அனுப்ப அம்மோனியாவாக மாற்றுவார்கள். அம்மோனியா கசிந்தால் என்ன ஆகும் என்று எண்ணூர் மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடி அம்மோனியாக் குழாய் கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

புகையையும் சாம்பலையும் இத்தனை காலம் சுமந்த வடசென்னை, தூய்மையான தொழிலை முதலில் பெற வேண்டும். அந்தத் தொழிலால் இன்னொரு முறை அஞ்சி ஓடக் கூடாது. இரண்டும் உங்கள் பொறுப்பு. கணக்கில் நேர்மையோடும் சோதனையில் கண்டிப்போடும் வேலை செய்யுங்கள். உங்கள் பட்டம் இந்த மண்ணுக்குப் பயன்படட்டும்.

வாழ்த்துகள்.